திருப்பத்தூருக்கு ரெண்டு டிக்கெட்: ஜாவா கிளாஸ் லோடிங் மீது ஒரு விமர்சனம்

ஜாவாவில் ஒரு சின்ன வெப் சர்வீஸ் எழுத அரை நாள் போதும். அதை சர்வரில் ஏற்றி ஓடவைக்க மூணு நாள் ஆச்சுன்னா, பெரும்பாலும் அந்த நேரத்தைத் தின்றது கிளாஸ் லோடிங்காகத்தான் இருக்கும். இதுக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கிற அறிவுரை ஒரு வரி: "அந்த ஜாரை எடுத்து டாம்கேட்டோட லிப் ஃபோல்டர்ல போடு." போட்டால் பல சமயம் ஓடவும் செய்யும். இந்தக் குறிப்பு அந்த ஒரு வரிக்கு எதிரானது. அந்த வரியை நோக்கி நம்மைத் தள்ளிவிடுகிற ஜாவாவின் பிழைச்செய்திகளுக்கும் எதிரானது. கிளாஸ் லோடரின் அமைப்பில் எனக்குப் பெரிய குறை இல்லை. அது பேசுகிற பேச்சுதான் பிரச்சினை.

பேச ஒரு உதாரணம் வேணும். ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகிற, உடம்பில் படுகிற தோல் சாமானில் குரோமியம் 6 என்கிற வேதிப்பொருள், தோலின் உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. 2015 மே 1 முதல் இது விதி. அதனால் லாட் வாரியாக லேப் ரிப்போர்ட் வரும். லாட் நம்பரைக் கொடுத்தால் ரிசல்ட்டைத் திருப்பித் தருகிற ஒரு சோப் சர்வீஸை அங்கே எழுதி வைத்திருந்தாங்க. ஒரே ஒரு மெத்தட். வாங்குகிறவங்களோட சிஸ்டம் அதைக் கூப்பிட்டு, பதில் வந்தால்தான் சரக்கைக் கிளப்பச் சொல்லும். ஜாவா 8-லும் டாம்கேட் 8-லும் வருஷக்கணக்கா ஓடினது. பழைய மெஷின் செத்து, புது மெஷினில் ஜாவா 11-ம் டாம்கேட் 9-ம் போட்டு, அதே வார் ஃபைலை ஏற்றினாங்க. ஓடல. சரக்கு கட்டி வாசலில் நிக்குது. இதைப் பார்த்துக்கிற தம்பி வேலூரிலிருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து போகிறவர்.

முதல் எரர், கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன். காணாமல் போனது டபிள்யூஎஸ் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிஸனர் என்கிற கிளாஸ். சோப் சர்வீஸை டாம்கேட்டில் ஏற்றிப் பார்த்த எவருக்கும் இது பழைய சிநேகிதம். காரணம் ரொம்ப சாதாரணமானது. ஜாவா 6 முதல் 10 வரை ஜேடிகே உள்ளேயே ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் இருந்தது. ஆனால் அதை ஒரு சர்வ்லெட் சர்வருக்குள் ஓடவைக்கிற பகுதி அதில் கிடையாது, அதுக்குத் தனி ஜார்கள் வேணும். பழைய மெஷினில் யாரோ ஒருத்தர் அந்த ஜார்களை டாம்கேட் லிப்பில் போட்டிருந்தார். எங்கேயும் எழுதி வைக்கலை. வார் ஃபைலுக்குள்ளேயும் இல்லை. மெஷினோடு சேர்ந்து அந்த அறிவும் போச்சு.

தேடி எடுத்து லிப்பில் போட்டதும் ரெண்டாவது எரர், நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர். இந்தத் தடவை ஜாக்ஸ்-பி காணோம். ஜாவா 9-லேயே இதெல்லாம் போகப்போகுதுன்னு அறிவித்து, 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-ல் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஜாக்ஸ்-பி ரெண்டையும் ஜேடிகே-யிலிருந்தே எடுத்துட்டாங்க. சரி, அதையும் இறக்கி, ஒரு காப்பி லிப்பில், பாதுகாப்புக்கு இன்னொரு காப்பி வார் ஃபைலுக்குள். மூணாவது எரர்: இந்த ப்ரொவைடர் அந்த வகையோட துணை வகை இல்லை. சோர்ஸைத் திறந்து பார்த்தால், துணை வகைதான்னு தெளிவா எழுதியிருக்கு.

இந்த மூணும் ஒரே நோயின் மூணு அறிகுறி இல்லை, மூணு வேற நோய். ஆனா மூணுக்கும் மருந்து ஒண்ணுன்னு நினைக்கவைக்கிற மாதிரிதான் செய்தி எழுதப்பட்டிருக்கு.

முதல் ரெண்டையும் பிரித்துப் பார்ப்போம். கிளாஸ் நாட் ஃபவுண்ட் என்றால், யாரோ ஒருத்தர் பேரை எழுத்தாகக் கொடுத்து, இதைக் கொண்டுவான்னு கேட்டிருக்கார், கிடைக்கலை. கேட்டது ஒரு கன்ஃபிக் ஃபைலாக இருக்கலாம், வெப் எக்ஸ்எம்எல்லாக இருக்கலாம். நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் என்றால், கம்பைல் பண்ணும்போது இருந்த கிளாஸ் ஓடும்போது இல்லை, அதைத் தேடினது ஜேவிஎம்மே. ஒரு சின்ன அடையாளம் சொல்றேன், எந்த லேப் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை: முதலாவதில் கிளாஸ் பேர் புள்ளி வைத்து வரும், ரெண்டாவதில் சாய்கோடு போட்டு வரும். சாய்கோடு ஜேவிஎம் உள்ளுக்குள் பயன்படுத்துகிற வடிவம். லாக்கில் சாய்கோட்டைப் பார்த்தால் கன்ஃபிக் ஃபைலைத் துழாவ வேண்டாம், ஏற்கெனவே ஏறிவிட்ட ஏதோ ஒரு கிளாஸ் இதை நம்பியிருக்கு.

இதே நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரருக்கு இன்னொரு முகமும் இருக்கு. அங்கேதான் எனக்கு நிஜமாவே கோபம் வரும். கிளாஸ் இருக்கு, ஜார் இருக்கு, எல்லாம் சரி. ஆனா அதோட ஸ்டாட்டிக் பகுதி முதல் தடவை ஓடும்போது ஏதோ ஒரு ஃபைல் கிடைக்காமல் விழுந்திருக்கு. அந்த முதல் தடவை மட்டும் உண்மையான காரணம் லாக்கில் வரும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும், கிளாஸை இனிஷியலைஸ் பண்ண முடியலைன்னு மட்டும், அதே எரர் பேரில் வரும். காலையில் விழுந்ததை மத்தியானம் வந்து பார்க்கிறவர் காணாமல் போகாத ஜாரைத் தேடிட்டிருப்பார். ரொம்ப சமீபத்திய ஜாவா பதிப்புகளில்தான் மூல காரணத்தையும் கூடவே ஒட்டித் தர ஆரம்பிச்சாங்க. இருபது வருஷத்துக்கு மேல் இந்த மௌனம் எப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டதுன்னு எனக்குப் புரியவே இல்லை.

மூணாவது எரருக்கு வருவோம். இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டை விட நல்ல இடம் இல்லை. தமிழ்நாட்டில் ரெண்டு திருப்பத்தூர் இருக்கு. ஒண்ணு ஜோலார்பேட்டை பக்கத்தில், 2019-ல் தனி மாவட்டமே ஆகிட்டது. இன்னொண்ணு சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி பக்கம். எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, ஊர் வேற. "திருப்பத்தூருக்கு ஒரு டிக்கெட்" என்று சொன்னால் ஆம்பூர் பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. மதுரை பஸ்ஸிலும் கேட்க மாட்டாங்க. பேரை மட்டும் வைத்து ரெண்டும் ஒரே ஊர்தான்னு நீங்க வாதாடினால்தான் சிக்கல்.

ஜேவிஎம்முக்கு ஒரு கிளாஸோட அடையாளம் அதோட பேர் மட்டும் இல்லை. பேரும், அதை ஏற்றின கிளாஸ் லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். டாம்கேட் லிப்பில் இருக்கிற காப்பியை ஏற்றுவது பொது லோடர். வார் ஃபைலுக்குள் இருக்கிற காப்பியை ஏற்றுவது அந்த அப்ளிகேஷனோட சொந்த லோடர். பைட்டுக்கு பைட் ஒரே ஜாராக இருந்தாலும் அவை ரெண்டு திருப்பத்தூர். ஒரு பக்கத்து ப்ரொவைடர் இன்னொரு பக்கத்து வகைக்கு உறவுக்காரன் இல்லை. செய்தி பொய் சொல்லலை. மாவட்டத்தைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். ஜாவா 8-ல் இதோட இன்னொரு வடிவம் இன்னும் வேடிக்கை: இந்தக் கிளாஸை இந்தக் கிளாஸாக மாற்ற முடியாது, ரெண்டு பக்கமும் எழுத்து மாறாமல் ஒரே பேர். ஜாவா 11-ல் அந்தச் செய்தியோட வாலில் எது எந்த லோடரைச் சேர்ந்ததுன்னு அடைப்புக்குறிக்குள் வந்துட்டது. அந்த ஒரு அடைப்புக்குறி எத்தனை பேரோட ராத்திரியைக் காப்பாற்றியிருக்கும்!

இந்த விதி ஏதோ கிறுக்குத்தனம் இல்லை. ஒரே சர்வரில் ரெண்டு அப்ளிகேஷன், ஒரே லைப்ரரியோட ரெண்டு பதிப்பைச் சண்டையில்லாமல் வைத்துக்கொள்ள முடிவது இதனால்தான். 1997-ல் விஜய் சரஸ்வத், அன்றைய ஜாவாவில் கிளாஸ் லோடர்களை வைத்து விளையாடி டைப் பாதுகாப்பையே உடைக்கலாம்னு காட்டினார்: ஒரே பேரில் ரெண்டு கிளாஸ், ஒண்ணை இன்னொண்ணுன்னு நம்பி ஜேவிஎம் ஏமாந்தது. அடுத்த வருஷம் ஷெங் லியாங்கும் கிலாட் பிராச்சாவும் எழுதிய கட்டுரை அதுக்கான தீர்வைச் சொன்னது. இன்னைக்கு லோடர் கன்ஸ்ட்ரெய்ன்ட் வயலேஷன்னு ஒரு எரர் வந்தால் அது அந்தத் தீர்வு வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆக அந்த எரரைத் திட்டக்கூடாது, அது காவலாளி. காவலாளி இன்னும் கொஞ்சம் மரியாதையா விஷயத்தைச் சொல்லலாம் என்பதுதான் என் குறை.

நல்லா பேசவும் தெரியும் என்பதுக்கு டாம்கேட்டே சாட்சி. சர்வ்லெட் ஏபிஐ ஜாரை நீங்க தவறுதலா வார் ஃபைலுக்குள் வைத்து ஏற்றினால், பழைய டாம்கேட்டுகள் லாக்கில் ஒரு வரி எழுதும்: இந்தப் பாதையில் இருக்கிற இந்த ஜாரை நான் ஏற்றலை, ஸ்பெக்கோட இந்தப் பிரிவைப் பார், குற்றவாளி இந்தக் கிளாஸ். எந்த ஃபைல், எந்த விதி, எந்தக் கிளாஸ், என்ன நடவடிக்கை, நாலும் ஒரே வரியில். ஜாவா உலகத்தின் ஆகச்சிறந்த பிழைச்செய்தி இதுதான்னு நான் சொல்வேன். மற்றதெல்லாம் இந்தத் தரத்துக்கு ஏன் வரலை?

இப்போ அந்த லிப் ஃபோல்டர். ஜாவாவோட பொதுவான வழக்கம், பிள்ளை லோடர் முதலில் அப்பாவைக் கேட்கணும், அவரிடம் இல்லைன்னா மட்டும் தான் தேடணும். டாம்கேட் இதை வேணுமென்றே மீறுது. ஜேவிஎம்மோட அடிப்படைக் கிளாஸ்களை விட்டுட்டு, அப்ளிகேஷனோட சொந்த கிளாஸஸ் ஃபோல்டர், பிறகு சொந்த லிப், அதுக்கப்புறம்தான் சர்வரோட பொது லிப். வெப்லாஜிக், வெப்ஸ்பியர் ரெண்டும் வழக்கமா அப்பாவிடமே முதலில் போகும், மாற்றணும்னா தனி செட்டிங். அதனால் ஒரே வார் ஃபைல் ஒரு சர்வரில் ஓடி இன்னொண்ணில் விழுவது சூனியம் இல்லை.

அப்பாவைப் பிள்ளை பார்க்கலாம், அப்பாவால் பிள்ளையைப் பார்க்க முடியாது. பொது லிப்புக்குப் போன ஜார், உங்க வார் ஃபைலுக்குள் இருக்கிற கிளாஸைத் தேடினால் கிடைக்காது. இந்த ஓட்டையை அடைக்க 1998-ல் ஜாவா 1.2 கொண்டுவந்த ஒட்டுதான் த்ரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ் லோடர். சில லைப்ரரி அதை மதிக்கும், சிலது மதிக்காது. அது தவிர, பொது லோடரில் உட்கார்ந்த ஒரு கிளாஸ் உங்க அப்ளிகேஷனோட ஒரு பொருளைப் பிடிச்சு வைத்துக்கொண்டால், நீங்க அப்ளிகேஷனை எடுத்தாலும் அதோட மொத்தக் கிளாஸ் கூட்டமும் மெமரியை விட்டுப் போகாது. ஜாவா 7 வரைக்கும் நாலைந்து தடவை ரீடெப்ளாய் செய்ததும் பெர்ம்ஜென் நிரம்பி சர்வர் படுத்ததுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 2014-ல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை எடுத்துட்டு மெட்டாஸ்பேஸ் வைத்தது. கசிவு நிற்கலை, நிரம்ப நேரம் ஆகுது, அவ்வளவே.

தோல் பெல்ட்டில் இருக்கிறவங்களுக்குப் 'பொது' என்ற சொல்லைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராத, சொந்தமாகவும் வைக்காத டேனரிக்கு ஓட வழியில்லை. ஆனா பொது நிலையம் என்றால் கொண்டுவந்து கொட்டிட்டுப் போவது இல்லை. குரோம் தண்ணியைத் தனியாப் பிரித்து, உள்ளேயே முதல்கட்டச் சுத்தம் செய்து அனுப்பணும், யார் எவ்வளவு அனுப்பினாங்கன்னு கணக்கு இருக்கணும். அந்தக் கணக்கு எவ்வளவு ஒழுங்கா நடக்குது என்பது வேற விவாதம், இருக்கணும் என்கிறதில் விவாதம் இல்லை. டாம்கேட் லிப்பில் கணக்கே கிடையாது. யார் போட்டா, எதுக்குப் போட்டா, எடுத்தால் எது விழும், ஒண்ணும் தெரியாது. அதனால யாரும் எடுக்கறதே இல்லை.

இதோட விலை 2021 டிசம்பரில் தெரிஞ்சது. லாக்ஃபோர்ஜே 2-ல் ஓட்டை வெளியாச்சு. லாக்கில் எழுதப்படுகிற ஒரு வாசகத்தை வைத்தே, வெளியில் இருக்கிறவன் தன்னோட கிளாஸை உங்க சர்வருக்குள் ஏற்றி ஓடவைக்கலாம். நெட்வொர்க் வழியா கிளாஸ் ஏற்றுவது ஆப்லெட் காலத்தில் ஜாவா பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் என்பதை இந்த இடத்தில் நினைச்சுப் பாருங்க. அந்த ஒரே மாசத்தில் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று நாலு வெளியீடு. உடனே மாற்ற முடியாதவங்களுக்குச் சொன்ன தற்காலிக வழி, ஜாரைத் திறந்து ஜேஎன்டிஐ லுக்கப் என்ற கிளாஸையே அழித்துவிடு என்பது. கிளாஸ் காணோம்னு அழுத உலகம், ஒரு கிளாஸைக் காணாமல் ஆக்க ராத்திரி பகலா ஓடினது. பிரச்சினை அழிப்பதில் இல்லை. எங்கே இருக்குன்னு கண்டுபிடிப்பதில். வார் ஃபைலுக்குள் புதுப் பதிப்பைப் போட்டு, பொது லிப்பில் யாரோ எப்பவோ போட்ட பழைய காப்பி அப்படியே கிடந்தால், பக்கத்து அப்ளிகேஷன் அதைத்தான் எடுத்துக்கும். வாங்குகிறவங்க தரப்பிலிருந்து, உங்க சர்வீஸில் எந்தப் பதிப்பு இருக்குன்னு கடிதம் வந்தால் ஆம்பூரில் இருக்கிற சின்னக் கம்பெனி என்ன பதில் எழுதும்?

அப்போ எப்படித்தான் தேடுவது? ஊகிக்காதீங்க, ஜேவிஎம்மையே கேளுங்க. ஜாவா 8 என்றால் வெர்போஸ் கிளாஸ் என்ற ஆப்ஷன், 9-க்கு மேல் எக்ஸ்லாகில் கிளாஸ் லோட். ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து ஏறினதுன்னு வரி வரியாகச் சொல்லும். ஆயிரக்கணக்கில் வரும், பயப்படாமல் ஒரு ஃபைலில் போட்டுத் தேடுங்க. ஒரே பேர் ரெண்டு இடத்திலிருந்து வந்திருந்தால் கதை முடிஞ்சது. நோ சச் மெத்தட் எரர் வந்தால் ஜாரே இல்லைன்னு அர்த்தம் இல்லை, தப்பான பதிப்பு முந்திக்கொண்டது. மேவன் பக்கம் டிபென்டன்சி ட்ரீயைப் பாருங்க. மேவன் புதுப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, இல்லை, மரத்தில் கிட்டத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். லேப்டாப்பில் ஓடுது, சர்வரில் ஓடலைன்னா இதையும் கவனியுங்க: லிப் ஃபோல்டருக்குள் ரெண்டு பதிப்பு இருந்தால் எது முந்தும்னு ஸ்பெக் உறுதி தரலை. டாம்கேட் 7 வரை அகர வரிசையில் போனதால் பலர் தப்பிச்சாங்க, 8-ல் அந்த வரிசை போச்சு.

டாம்கேட் 10-க்குப் போகிறவங்களுக்கு வேற ஒரு பொறி. ஆரக்கிள் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அமைப்புக்குக் கொடுத்தது, ஆனா ஜாவாஎக்ஸ் என்ற பேரில் இனி மாற்றங்கள் செய்ய விடலை. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-ல் பேக்கேஜ் பேரெல்லாம் ஜகார்த்தா ஆச்சு. ஆம்பூர்க்காரங்களுக்கு இது பழகினது: வட ஆற்காடு, அப்புறம் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஊர் நகரவே இல்லை. 635802 என்ற பின்கோடும் மாறாததால் தபால் வந்து சேர்ந்தது. ஜாவாவில் பின்கோடு கிடையாது. பழைய ஜாவாஎக்ஸ் அனோட்டேஷன் போட்ட சர்வ்லெட்டை டாம்கேட் 10-ல் ஏற்றினால் பல சமயம் எரர்கூட வராது. அது சர்வ்லெட்டுன்னே டாம்கேட்டுக்குத் தெரியாது, வெறும் 404 வரும். மௌனத்தைவிட எரர் எவ்வளவோ மேல்னு அப்போதான் தோணும். வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டரை நீங்களே உருவாக்கி அதில் வார் ஃபைலைப் போட்டால் டாம்கேட் 10 தானே மாற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் லிப்பைக் குறை சொல்வதும் நியாயமில்லை. டேட்டாபேஸ் இணைப்பை சர்வர் மட்டத்தில் டேட்டாசோர்ஸாக வைத்தால், டிரைவர் ஜார் பொது லிப்பில்தான் இருக்கணும், ஏன்னா கேட்பது சர்வர். யார் கேட்கிறாரோ அவர் பார்க்கிற இடத்தில் வை. இந்த ஒண்ணு தெரிஞ்சால் மற்றதை நீங்களே முடிவு பண்ணலாம். காலேஜ் லேப்களில் இதைச் சொல்லித் தருவதில்லை. நெட்பீன்ஸில் நியூ வெப் சர்வீஸ் அழுத்தி, ரெண்டு எண்ணைக் கூட்டுகிற கால்குலேட்டர், கிளாஸ்ஃபிஷ் எல்லா ஜாரையும் தானே வைத்திருக்கும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. ஜார் எங்கிருந்து வந்ததுன்னு கேட்க மாணவனுக்கு ஒரு சந்தர்ப்பமே அமையாது. அவர்தான் நாளைக்கு ஏதோ ஒரு ஃபேக்டரியின் சர்வர் ரூமில் தனியா நிற்பவர்.

டாக்கர் வந்தாச்சே, ஒரு இமேஜுக்கு ஒரு அப்ளிகேஷன்தானே, இனி இதெல்லாம் எதுக்குன்னு சிலர் கேட்கிறாங்க. பக்கத்து அப்ளிகேஷன் போச்சு, உண்மைதான். ஆனா டாக்கர் ஃபைலுக்குள் ஜாரை டாம்கேட் லிப்புக்கு காப்பி பண்ணுகிற வரி இருப்பதை நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு முன்னேற்றம், இப்போ அந்தக் காப்பி ஒரு ஃபைலில் எழுதியாவது இருக்கு. அந்த வரிக்கு மேல் எதுக்குன்னு ஒரு கமெண்ட் எழுதி, தேதி போட்டு வைங்க.